பைக் பிசுக்கை எடுக்க எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

மழைக்காலம் முடிந்ததும் மும்பையில் ஓடும் எந்த பைக்கையும் குனிந்து பாருங்கள். செயினில் போட்ட எண்ணெயும் ரோட்டுச் சேறும் சேர்ந்து ஸ்பிராக்கெட்டைச் சுற்றி கறுப்புக் களிம்பாக அப்பியிருக்கும். அதை எடுக்க நம்மவர்கள் உடனே தேடுவது ஒரு பாட்டில் பெட்ரோல். தாராவியின் சந்துகளில் வண்டி நிற்கும் இடத்துக்கும் பக்கத்து வீட்டு அடுப்புக்கும் நடுவே பல நேரம் ஒரு தகரச் சுவர்தான். அதனால் எது நன்றாகப் பிசுக்கை எடுக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதை அந்த இடத்தில் வைத்துத் திறக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

1. பெட்ரோலை அறவே விடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படர்ந்து வாசல்படி தாண்டி உள்ளே போகும். நீங்கள் பீடி, சிகரெட் பற்றவைக்காவிட்டாலும் அடுத்த வீட்டு அடுப்போ சாமி விளக்கோ போதும். இன்னொன்று: பிஎஸ்-6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. வெறுங்கையால் பெட்ரோலில் துணி நனைத்துத் துடைக்கும் மெக்கானிக் பையன்களைப் பார்த்தால் ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள்.

2. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடத் தேவலை. ஆனால் 35, 40 டிகிரி சூட்டிலேயே அதுவும் தீப்பற்றும் ஆவி விடத் தொடங்கும். மே மாத வெயிலில் நின்ற வண்டியின் இரும்பு அதைவிட அதிகமாகச் சுடும். டீசலும் இந்த வகைதான். அதோடு எண்ணெய்ப் படலத்தையும் விட்டுவிட்டுப் போகும். வேறு வழி இல்லையென்றால் செயினுக்கு மட்டும், நிழலில், ஆறின வண்டியில், பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். ஊறவைக்காமல் உடனே துடைத்துவிடுங்கள். டயர், ரப்பர், பெயின்ட் பக்கம் வேண்டாம்.

3. மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எது குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. உப்புத்தண்ணீர், மோர் என்று எதையும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாராவி, மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால் என்ன குடித்தது என்று டாக்டருக்குத் தெரியும்.

4. கடையில் டீகிரீஸர் வாங்கும்போது விலைக்கு முன்னால் லேபிளைப் படியுங்கள். தண்ணீர் கலந்து பயன்படுத்தும் வகையா, பி.எச். 7-க்குப் பக்கத்திலா, ஓ-ரிங் செயினுக்கும் அலுமினியத்துக்கும் ஆகுமா என்று பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் படம் இருந்தால் எரியக்கூடியது. கையின் மேல் சொட்டு விழுந்து அரிப்பது போன்ற படம் இருந்தால் தோலையும் உலோகத்தையும் தின்னும். லேபிளே இல்லாமல் கேனிலிருந்து ஊற்றித் தரும் ‘கெமிக்கல்’ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

5. பாதி வேலைக்கு டீகிரீஸரே தேவையில்லை. ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். முதலில் களிம்பை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி எடுங்கள். பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் எஞ்சின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேயுங்கள். நுரை காய்வதற்குள் கழுவிவிடுங்கள். பெயின்ட் அடித்த டேங்கில் இதை அடிக்கடி போட்டால் மெழுகுப் பூச்சும் போய் பளபளப்பு மங்கும். அங்கே பைக் ஷாம்புதான் நல்லது.

6. காஸ்டிக் சோடா, சலவைச் சோடா, டாய்லெட் ஆசிட் மூன்றும் கூடாது. எஞ்சின் உடலும் அலாய் வீலும் அலுமினியம். காஸ்டிக் பட்டால் அலுமினியம் பொங்கிக் கரையும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். ஒருமுறை கறுத்துப்போன அலுமினியம் எத்தனை தேய்த்தாலும் பழைய நிறத்துக்கு வராது. ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

7. தின்னர் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் உருக்கும். அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது குளோரின் சேர்ந்த கரைப்பான்களிடம். உலோகப் பட்டறைகளில் புழங்கும் டிரைகுளோரோஎத்திலீன் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் வகைப்படுத்தியது. இத்தகைய கரைப்பானின் ஆவி வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் வண்டி கழுவுகிறவர்கள் பிரேக் கிளீனர் ஸ்பிரே வாங்கும்போது ‘குளோரின் இல்லாதது’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

8. செயின் சுத்தம் செய்யும்போது எஞ்சின் கட்டாயம் ஆஃப். கியரில் போட்டு வீல் சுற்ற விட்டுத் துணியால் பிடிப்பது எளிதாகத் தோன்றும். துணி செயினில் சிக்கினால் விரலையும் ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், கையால் வீலைச் சுற்றுங்கள். செயின் தட்டுகளுக்கு நடுவே சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். பெட்ரோலும் தின்னரும் அந்த வளையத்தை உப்ப வைத்துக் கெடுக்கும். உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் வெளியேறினால் செயினையே மாற்ற வேண்டியதுதான். கழுவிக் காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் லூபோ லேசாகப் போடுங்கள்.

9. டிஸ்க்கில் எண்ணெயோ மெழுகுள்ள ஸ்பிரேயோ பட்டால் பிரேக் பிடிக்காது. டீகிரீஸர் அடிக்கும் முன் டிஸ்க்கைப் பாலிதீன் பையால் மூடுங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்து, மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துவிட்டுப் பெரிய ரோட்டில் ஏறுங்கள்.

10. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் சென்சாரும் வயரிங்கும் அதிகம். பிளக், வயர் இணைப்பு, சைலன்ஸர் வாய் இவற்றின் மேல் அழுத்தத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

11. விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லி, வடை, சட்னி கட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்புகிறவர்கள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும். கேரியரையும் கொக்கிகளையும் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். மண்ணெண்ணெய் வாடை ஒருமுறை ஏறினால் சாப்பாட்டுக்கும் ஏறும்.

12. கையில் ஒட்டிய கிரீஸுக்குத் தேங்காய் எண்ணெய். நன்றாகத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்த பிறகு சோப்பு போட்டால் போய்விடும். வேலைக்கு முன்பே நகக்கண்ணில் கொஞ்சம் தடவிக்கொண்டால் இன்னும் சுலபம்.

13. வண்டிக்கு அடியில் அட்டையும் பழைய செய்தித்தாளும் விரித்துக்கொண்டு உட்காருங்கள். கழுவிய எண்ணெய்த் தண்ணீரைக் கட்டரில் விட்டால் அது மீட்டி ஆற்றுக்கும் மாஹிம் கழிமுகத்துக்கும்தான் போகும். அங்கே நிற்கும் அலையாத்தி மரங்களின் வேரில் எண்ணெய் படியும். பழைய எஞ்சின் ஆயில், அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதை மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் கடையில் கொடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பிடி மரத்தூள் வாங்கித் தூவி, ஊறியதும் பெருக்கி எடுங்கள். எண்ணெய்த் துணியை வீட்டுக்குள் சுருட்டி வைக்காமல், அடுப்பு, விளக்கு இல்லாத திறந்தவெளியில் விரித்து வாடை போகும்வரை காயவிட்டுக் கட்டிப் போடுங்கள்.