அபிகாயில் பேசிய விதம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு உறுப்பினர் இரண்டு தவணை கட்டவில்லை. பிரதிநிதி எல்லார் முன்னாலும், "வாங்கும்போது மட்டும் இனிச்சுதா?" என்று கேட்டுவிட்டார். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடனைக் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தை? நானும் அங்கேதான் தீர்மான நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த மாதப் பாடத்துக்கு பைபிளில் வரும் அபிகாயிலை எடுத்துக்கொள்வோம். எந்த மதத்துச் சகோதரியும் கேட்கலாம். சாமுவேல் முதல் புத்தகம், 25-ஆம் அதிகாரம்.

அபிகாயிலின் கணவன் நாபால் பெரிய பணக்காரன். 3,000 செம்மறியாடு, 1,000 வெள்ளாடு. தாவீது அப்போது ராஜா ஆகவில்லை, ஆட்களோடு வனாந்தரத்தில் அலைகிறார். நாபாலின் மேய்ப்பர்களுக்கு அவருடைய ஆட்கள்தான் காவலாக இருந்தார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் நாளில் கொஞ்சம் சாப்பாடு கேட்டு அனுப்பினார். நாபால் தாவீதையே தெரியாதவன்போல, முதலாளியை விட்டு ஓடி வந்தவன் என்று குத்திப் பேசினான். அவ்வளவுதான், 400 பேர் வாளோடு கிளம்பிவிட்டார்கள். அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சாக வேண்டியது.

விஷயம் தெரிந்ததும் அபிகாயில் 200 அப்பம், சமையலுக்குத் தயாராக்கிய 5 ஆடு, வறுத்த தானியம், திராட்சை, அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றி முன்னே அனுப்பினார். பசித்து வந்தவர்களுக்குச் சாப்பாடுதானே முதலில். தாவீதைக் கண்டதும் இறங்கி வணங்கி, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். உங்கள் ஆட்கள் வந்ததை நான் பார்க்கவில்லை என்றார். நாளைக்கு நீங்கள் ராஜா ஆகும்போது, வீணாக ரத்தம் சிந்தினோமே என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கக்கூடாது என்று எடுத்துச் சொன்னார். தாவீது திரும்பிப் போனார்.

வீட்டுக்காரர் என்ன செய்தாலும் பழியை நாம்தான் ஏற்க வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவன் செய்தது புத்திகெட்ட வேலை என்று தாவீதிடமே அபிகாயில் வெளிப்படையாகச் சொன்னார். அடி விழுந்தால் 181-க்குப் போன் செய்யுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. அபிகாயில் வீடு திரும்பினால் நாபால் விருந்து வைத்து, குடித்து மயங்கிக் கிடக்கிறான். அன்று ராத்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து, போதை தெளிந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார்.

அந்த அக்காவின் மகளுக்குப் பிரசவச் செலவாம், பிறகுதான் தெரிந்தது. வருகிற வியாழக்கிழமை பிரதிநிதியும் நானும் அவர் வீட்டுக்குப் போகிறோம். பிள்ளையைப் பார்க்கப் போகிறோம், தவணைப் பேச்சு அன்றைக்கு இல்லை. அவரிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லலாம்? உங்கள் குழுவில் பேசிப் பார்த்துச் சொல்லுங்கள்.