வழிநடையும் அடியார் இணக்கமும்

சிவபெருமான் எழுந்தருளிய தலங்களை நாடி நடந்துசென்று வழிபடுதல் சரியைத் தொண்டுகளுள் ஒன்றென்பதை அன்பர் அறிவர். அந்நடையில் உடன்வருவாரும் வழிபாட்டுக்கு உரியரோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தென்காசித் திருக்கோயிலே வழிநடையாளர் பொருட்டு எழுந்ததென்பர். காசிக்கு நடந்துசெல்லுந் தென்னாட்டன்பர் பலர் இடைவழியிலேயே உயிர் துறத்தலின், அவர்பொருட்டுச் சிற்றாற்றங்கரையிலே ஒரு கோயில் எடுக்குமாறு இறைவன் பராக்கிரம பாண்டியனுக்குக் கனவில் உரைத்தருளினான் என்பது தலவரலாறு. 15-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுத்த அவ்வரசன், பின்னாளில் அதற்குச் சிதைவு நேருமாயின் அதனைத் திருத்துவோர் எவரோ அவர் அடிகளைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டுவித்தான். 1457-இல் தொடங்கப்பெற்ற கோபுரம் பிற்காலத்துச் சிதைந்து நெடுநாள் கிடந்து, 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீள எழுந்தது. முகமறியாத் தொண்டர் அடியில் முடிமன்னன் முன்னரே தலைதாழ்த்தான் என்பதை உளங்கொண்டு மேற்செல்வாம்.

இப்பகுதியினின்று மார்கழி, தைத் திங்கள்களில் மாலையணிந்து பச்சையாடை உடுத்துத் திருச்செந்தூருக்கு நடந்துசெல்வார் பலர். பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என வழி 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. முருகப்பெருமான் சிவபூசை புரியுங் கோலத்தில் நிற்குந் தலமாதலின், சைவர்க்கு அது பெரிதும் உவப்பாவது. சென்ற மார்கழியில் யாமும் மாலையணிந்து, குற்றாலத்தருவியில் நீராடி, திருஞானசம்பந்தர் பாடிய குறும்பலாவையுங் குற்றாலநாதரையும் வணங்கி, தென்காசியில் ஒரு கூட்டத்தாரோடு புறப்பட்டேம்.

உண்மை கூறின், அக்கூட்டம் எமக்கு உவப்பாயிருந்திலது. ஒலிபெருக்கி பூட்டிய வண்டி முன்செல்ல, அவர் சினிமா மெட்டிற் பாடிச் சென்றனர். ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைத்தனர். தண்ணீர்க்குச் சண்டையிட்டவனும் சாமி. வாய்மூடாது பேசினவனுஞ் சாமி. இது பொருளற்ற வழக்குச்சொல்லென எண்ணி, பதிகங்களை வாய்க்குள் ஓதியவாறு யாம் பத்தடி விலகியே நடந்தேம்.

ஆலங்குளத்தை அணுகுமுன் பொழுது சாய்ந்தது. காலிற் கொப்புளம் உடைந்தமையால் நடக்கமாட்டாது பின்தங்கி, சாலையோரத்துக் கல்லொன்றில் அமர்ந்தேம். விலகி நடந்தாரைக் காணாமை எவர்க்குத் தோன்றும்? ஆயினும், பீடி சுற்றிப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் தம் மகனோடு எம்மைத் தேடி மீண்டு வந்தார். தாம் குடிக்க வைத்திருந்த நீரால் எம் காலைக் கழுவப் புகுந்தார். யாம் காலை இழுத்துக்கொண்டு, “வேண்டா அம்மா, தகாது” என்றேம். அவர், “சாமி காலத் தொடுறதுக்கு என்ன சாமி?” என்று கூறி, மஞ்சளுந் தேங்காயெண்ணெயுங் குழைத்திட்டுத் துணியாற் கட்டினார். மகன் எம் மூட்டையைத் தன் தலைமேற் கொண்டான்.

அன்றிரவு யாம் உறங்கிலேம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை நாற்பதாண்டு மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியுள்ளேம். மலத்தைக் கழுவி, அன்பரோடு கலந்து, அவர்தந் திருவேடத்தையுந் திருக்கோயிலையும் அரனெனவே தொழுக என்பது அதன் கருத்து. ஆண்டு வேடம் முன்னும் ஆலயம் பின்னுமாக வைக்கப்பட்டமை காண்க. கோயிலை நோக்கி விரைந்த யாம், அதற்கு முன் வைக்கப்பட்ட ஒன்றைப் பத்தடி தள்ளி நடத்தினேம். சூத்திரம் அறியாத அவ்வம்மையாரோ, ஒரு சொல்லால் அதனை நடத்திக் காட்டினார்.

இனி, ‘அன்பு மிக்கார் வேடமன்றோ தொழத்தக்கது? சண்டையிடுவானும் அடியானாவானோ?’ எனின், பிறர் நெஞ்சத்து அன்பை அளந்து காண்டல் நம் தொழிலன்று. வஞ்சித்துக் குத்திய முத்தநாதனையும் அவன் பூண்ட வேடத்தின் பொருட்டே மெய்ப்பொருள் நாயனார் காத்து விடுப்பித்தார். அவ்வாறாக, தண்ணீர்க்குப் பூசலிட்ட ஒருவனை யாம் எவ்வாறு விலக்குவேம்? அளக்கப் புகுந்த அறிவே ஆணவத்தின் வாயில் என்க. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தரும் வருவோரை ஆராய்ந்து நீர் வார்த்ததன்று. இன்றும் இச்சாலையில் மோரும் உணவும் அளிப்பார், உண்பவன் யாரென வினவுவதில்லை.

மறுநாள் முதல் யாமும் எதிர்ப்பட்டாரையெல்லாஞ் ‘சாமி’ என அழைத்தேம். முதலிரண்டு முறை நாத் தயங்கியது, பின்னர்த் தயங்கவில்லை. ஒலிபெருக்கியின் ஓசை குறைந்திலது. எம் வெறுப்பே குறைந்தது. செந்திற்பெருமான் திருமுன்னர் நின்றபோது, அவ்வம்மையார் முன்னும் யாம் பின்னுமாகவே நின்றேம்.

ஆகலின், வழிநடை மேற்கொள்ளும் அன்பர் சென்றுசேருந் தலத்தில் மட்டும் வழிபாடு தொடங்குமென எண்ணற்க. பின்தங்கினாரைத் திரும்பி நோக்குதலும், அவர் சுமையை ஏற்றலும், அவர் செய்யுந் தொண்டை நாணாது ஏற்றலும் வழிபாடே. இவற்றுள் இறுதியதே கற்றார்க்கு அரியது. அதனை முதற்கண் பயில்வாமாக.

திருச்சிற்றம்பலம்.