அளவறிவதும் தர்மமே



சங்ககிரியில் வாழும் நமக்குக் கொள்ளளவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியின் வெற்று எடை எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு வரலாம் என்று ஒவ்வொரு லாரியின் பக்கத்திலும் பெயிண்டில் எழுதியிருக்கிறது. சிமென்ட் மூட்டை ஏற்றும் லோடுமேனுக்கும் அந்தக் கணக்கு தெரியும். மனிதனுக்கு இப்படி ஓர் எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகையால் நம் அளவை நாமே அறிந்து நடக்க வேண்டும். அதற்கு அய்யா காட்டிய வழி என்ன என்பதை இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

அச்சு சொல்லும் பாடம்

இரண்டு அச்சு லாரி, சரக்கும் சேர்த்து 16.2 டன் வரை இருக்கலாம் என்பது பழைய விதி. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது. வண்டிகளின் தரமும் சாலைகளின் தரமும் உயர்ந்ததே அதற்குக் காரணம். ஆக, கொள்ளளவு வளரக்கூடியது. ஆனாலும் வளர்ந்த பிறகும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று தெரிந்தது. கூடுதலாக ஏற்றியவருக்குக் கிடைப்பது கொஞ்சம் வாடகை. பிரேக் பிடிக்காமல் தவிக்கும் ஓட்டுநரும், எதிரே வருகிறவரும், அந்தச் சாலையில் நடக்கும் ஊராரும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

அணை சொல்லும் பாடம்

நமக்கு அருகிலுள்ள மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரி பெருகி அணை நிரம்பினால் உபரி நீர் 16 கண் மதகு வழியே வெளியேறும். இத்தனை பெரிய அணையைக் கட்டியவர்கள், நிரம்பினால் திறந்துவிடும் வழியையும் அதோடு சேர்த்தே கட்டினார்கள். அந்த வழி இல்லாவிட்டால் அணையே நிலைக்காது.

வீட்டுக்கு வரும் செல்வமும் அப்படித்தான். தேவைக்கு மேல் வந்தது தர்மமாக வெளியே ஓட வேண்டும். அப்படி ஓடுகிற நீர்தான் கீழே இருக்கும் வயலுக்கும் பாய்கிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா அருளியதன் பொருளும் இதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று போர் போடுகின்றன. மழை பூமிக்குள் இறக்கும் நீரைவிட நாம் மேலே இழுப்பது அதிகமானால் எத்தனை அடி துளைத்தாலும் ஒருநாள் புழுதிதான் வரும். கொடுப்பதற்கும் அளவு உண்டு என்பதை வற்றிய போர் சொல்கிறது.

குறோணியின் பசி

அளவு அறியாதவனின் கதையை அகிலத்திரட்டு அம்மானை முதல் யுகத்திலேயே காட்டுகிறது. அந்த யுகத்தில் பிறந்த குறோணி கடல்நீரைக் குடித்தும் பசி அடங்காமல் உலகையே விழுங்கப் பார்த்தான். மாயோன் அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகளே பின்வந்த யுகங்களில் அசுரராகப் பிறந்தன. கலியுகத்தில் அது கலியாக வந்தது.

குறோணிக்கு உடல் இருந்தது, வெட்ட முடிந்தது. இன்று அந்தப் பசி மாயையாக நம் மனதுக்குள் இருக்கிறது. ஒரு லாரியின் தவணை முடியும் முன்பே அடுத்த லாரிக்குக் கடன் எழுதத் தூண்டுவது அந்தப் பசிதான். இரவெல்லாம் ஓட்டி வந்தவரை "இன்னும் ஒரு நடை போய்ட்டு வாப்பா" என்று அனுப்பச் சொல்வதும் அதுவே.

பிறர் எழுதிய எல்லை

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று அடங்கிக் கிடக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கலாம். அன்பானவர்களே, அய்யா அப்படிச் சொல்லவே இல்லை.

அய்யா வாழ்ந்த திருவிதாங்கூரில் ஏழை மக்கள்மேல் தலைவரி இருந்தது. பனையேறும் ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி இருந்தது. கூலியில்லாத ஊழியமும் இருந்தது. அதே மக்களிடம், பொதுக் கிணற்றில் நீர் இறைக்க உனக்குத் தகுதியில்லை, தலைப்பாகை கட்டத் தகுதியில்லை என்றும் சொன்னார்கள். தூக்க முடியாத சுமையை ஏற்றிவிட்டு, தூக்குபவனை அளவில் சிறியவன் என்றார்கள்.

அய்யா அந்தப் பொய் எல்லையை அழித்தார். முத்திரிக் கிணற்றில் எல்லோரையும் ஒன்றாக நீராடச் செய்தார். சுமை தூக்கிய தலையில் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். எழுநூறு குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பி, ஒழுக்கத்தால் தங்கள் ஆற்றலைத் தாங்களே அறியச் செய்தார். அய்யாவின் தவமும் ஒரே நாளில் உயரவில்லை. குழிக்குள் இரண்டு ஆண்டு, சமதரையில் இரண்டு ஆண்டு, உயர்ந்த இருக்கையில் இரண்டு ஆண்டு எனப் படிப்படியாகவே நிறைந்தது.

ஆகவே எல்லை இருவகை. உடலுக்கும் பூமிக்கும் உள்ள எல்லை மெய்யானது. பேராசையால் அதை மீறக்கூடாது. சாதியாலும் பயத்தாலும் பிறர் நம்மேல் எழுதிய எல்லை பொய்யானது, அதை ஏற்கக்கூடாது. கலி இந்த இரண்டையும் மாற்றிக் காட்டும். ஓய்வு கேட்கும் உடலைச் சோம்பேறி என்கும். படிக்க ஆசைப்படும் பெண்பிள்ளையிடம் உனக்கு இவ்வளவு போதும் என்கும். பள்ளியறைக் கண்ணாடியின் முன் நிற்கும்போது எது மெய், எது பொய் என்று நம்மைப் பார்த்தே கேட்டுத் தெளிய வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு அளவு வைத்தது. சட்டம் வைத்த அளவை நாம் தர்மமாகக் காப்போம். வண்டி வைத்திருப்பவர், தூங்காத ஓட்டுநரின் கையில் சாவியைக் கொடுக்க வேண்டாம். ஓட்டுபவர், "கண்ணு எரியுதுண்ணா, படுத்து எழுந்து போறேன்" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள், தாங்க முடியாத செலவை அவர் தலையில் ஏற்ற வேண்டாம்.

வரும் ஞாயிறு பணிவிடைக்கு முன் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைத் தம்மிடம் கேட்டுக்கொள்வோம்.

1. என் அளவுக்கு மீறி நான் இழுத்துப்போட்டுக்கொண்ட சுமை எது?
2. என்னால் பிறர்மேல் ஏறிய சுமை எது? அதில் எதை இன்றே இறக்கி வைக்கலாம்?
3. எனக்குத் தகுதியில்லை என்று பிறர் சொன்னதை நம்பி நான் விட்டுவிட்ட நற்செயல் எது?

முதல் கேள்வி பேராசையைக் குறைக்கும். இரண்டாவது இரக்கத்தை வளர்க்கும். மூன்றாவது பயத்தைப் போக்கும். இந்த மூன்றும் கூடும் வீட்டில் தர்மயுகத்தின் ஒளி இன்றே தெரியும்.

அய்யா உண்டு.