கண்ணை அளக்கும் படிப்பு

அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கிட்டப் பார்வை வேண்டும். நாற்பது வயதைத் தாண்டினால் அது மங்கத் தொடங்கும். இதையே வெள்ளெழுத்து என்கிறோம். கரும்பலகை தெரியாத பிள்ளையையோ, "படிப்பு ஏறாது" என்று பின்வாங்கில் இருத்தி விடுகிறோம். இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரு மூக்குக்கண்ணாடியே போதும். ஆனால் எந்தக் கண்ணாடி என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். எமது பிள்ளைகள் அந்த ஆளாக வருவதற்கு என்ன படிக்க வேண்டும், எப்படி ஆயத்தமாகலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. யார் என்ன செய்கிறார்கள்?

கண் வைத்திய நிபுணர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் கண்ணில் விசேட பயிற்சி பெற்றவர். சத்திரசிகிச்சை செய்பவர் அவரே. ஒப்ரோமெற்றிஸ்ற் எனப்படுபவர் பார்வையை அளந்து கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பவர். நோயின் அடையாளம் கண்டால் வைத்தியரிடம் அனுப்புவார். ஒப்ரீசியன் வில்லையைச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பவர். எமது அரசாங்க வைத்தியசாலைகளில் கண் தொழினுட்பவியலாளரும் பணிபுரிகின்றனர். "டொக்டராக முடியாவிட்டால் விஞ்ஞானம் படித்துப் பயனில்லை" என்று எண்ணும் பிள்ளைகள் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

2. படிப்பு எப்படியிருக்கும்?

சென்னையில் சங்கர நேத்திராலயா 1985ஆம் ஆண்டு தொடங்கிய ஒப்ரோமெற்றிக் கல்லூரியை உதாரணமாக எடுப்போம். அங்கு பட்டப்படிப்பு நான்கு வருடம். கடைசி வருடம் முழுவதும் நோயாளரிடையே பெறும் பயிற்சி.

முதலில் படிப்பது கண்ணின் அமைப்பும் ஒளியின் இயல்பும். தூரத்திலிருந்து வரும் ஒளியை 1 மீற்றரில் குவிக்கும் வில்லையின் வலு 1 தயொத்தர். அரை மீற்றரில் குவித்தால் 2 தயொத்தர். கண் சற்று நீண்டிருந்தால் விம்பம் விழித்திரைக்கு முன்னே விழும். இது குறும்பார்வை; குழிவு வில்லை வேண்டும். கண் குறுகியிருந்தால் விம்பம் விழித்திரைக்குப் பின்னே போகும். இது நீள்பார்வை, குவிவு வில்லை வேண்டும்.

அடுத்தது எழுத்து அட்டை. இதை 1862இல் ஒல்லாந்துக் கண் வைத்தியர் ஸ்னெல்லன் வெளியிட்டார். ஒருவரின் பார்வை 6/60 என்றால், நல்ல கண் 60 மீற்றரில் வாசிப்பதை அவர் 6 மீற்றரில் நின்றே வாசிக்கிறார் என்பது பொருள்.

மாணவருக்குக் கடினமானது ரெற்றினோஸ்கோப் என்னும் கருவி. இருட்டறையில் கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைத்து, உள்ளிருந்து திரும்பும் ஒளி எப்பக்கம் அசைகிறது என்று பார்க்க வேண்டும். அசைவு நிற்கும்வரை வில்லைகளை மாற்றி அளவைக் கண்டுபிடிப்பார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படி அளவெடுக்கலாம். புத்தகம் வாசித்து இது கைவராது. மாணவர் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து மாதக்கணக்காகப் பழகுவார்கள்.

3. கேட்கத் தெரிய வேண்டும்

கருவி தரும் அளவு பாதிதான். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டு, வரும் பதிலைக் கொண்டே அளவை முடிவு செய்ய வேண்டும். வயதான ஆச்சி பயத்தில் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பார். அவசரப்பட்டால் பிழையான கண்ணாடியுடன் வீடு போவார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு, பல பக்கம் திருப்பிய "ஈ" என்ற ஆங்கில எழுத்துள்ள அட்டையைக் காட்டி, கையால் திசை காட்டச் சொல்வார்கள்.

"புகை மாதிரிக் கிடக்கு" என்றால் கண்புரையாக இருக்கலாம். "திடீரென்று பூச்சி பறக்குது, மின்னுது" என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். வயல்வேலைக்காரரின் பேச்சும், அவர் எந்தத் தூரத்தில் எந்த வேலை செய்கிறார் என்பதும் எமது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்தவை. இடம்பெயர்ந்தபோது காணியும் மாடும் கைவிட்டுப் போயிருக்கலாம். இந்த அறிவு போகவில்லை. கண் பராமரிப்பில் இதுவும் ஒரு முதல்தான்.

4. மதுரையில் ஒரு முன்மாதிரி

டொக்டர் வெங்கடசாமி அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். அங்கு பாடசாலைக் கல்வி முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்து, உதவிப்பணம் கொடுத்து, இரண்டு வருடம் பயிற்றுகிறார்கள். இது ஒப்ரோமெற்றிப் பட்டமல்ல. ஆனாலும் பார்வை அளப்பது, நோயாளரைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துவது போன்ற பல வேலைகளை இவர்களே செய்கிறார்கள். அதனால் வைத்தியர்கள் கூடுதலானோருக்குச் சத்திரசிகிச்சை செய்ய முடிகிறது.

5. இப்போதே செய்யக்கூடியவை

அ) சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் கைவிட வேண்டாம். உயர்தரத்தில் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் எடுப்பது நல்லது. ஒளி பற்றிய பாடம் பௌதிகவியலில்தான் உள்ளது.

ஆ) இத்துறைப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. நாளுக்கு ஐந்து சொற்களாவது கற்கலாம்.

இ) இடம்பெயர்வால் படிப்பு குழம்பியவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சை எழுதலாம்.

ஈ) பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலும், பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திலும் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்வரை காத்திராதீர்கள்.

உ) அரசாங்கப் பயிற்சிகளுக்கு வர்த்தமானியைப் பாருங்கள். தனியார் நிறுவனமானால், பணம் கட்டமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இச்சான்றிதழை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? நோயாளரிடையே எத்தனை மாதப் பயிற்சி? முன்பு படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?

கலந்துரையாடுவோம்

1. எமது பிள்ளைகள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் தூரத்திலுள்ள கலண்டரைப் பார்க்கட்டும். இரண்டு கண்ணுக்கும் ஒரேயளவு தெளிவா? சோம்பற்கண் சிறுவயதிலேயே கண்டால்தான் நன்றாகத் திருந்தும். வித்தியாசம் இருந்தால் கண் சிகிச்சை நிலையத்துக்கு யார் கூட்டிச் செல்வது?

2. எமது குடியிருப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மாலை நேரத்தில் அவர்கள் சேர்ந்திருந்து படிக்க ஓர் இடமும் விளக்கும் ஒழுங்கு செய்ய முடியுமா?