போகப் போகச் சரியாகுமா?

"வாப்பாவும் பிந்தித்தான் நடந்தவர், இவனும் போகப் போக நடப்பான்." கல்முனைக் கரையோர ஊர்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சில பிள்ளைகள் விடயத்தில் அது மெய்யாகும். ஆனால் ஒன்பது மாதம் கடந்தும் பிடியின்றி உட்காராத, ஒன்றரை வயதாகியும் தனியே நடக்காத, பின்னால் கிலுகிலுப்பை ஆட்டினாலும் திரும்பாத பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்கலாகாது. மூளை வேகமாக வளரும் முதல் மூன்று வருடங்களில் பழக்குவது இலகு.

இடம்பெயர்ந்தோருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளும் போயின. பிள்ளையைப் பிறந்தது முதல் அறிந்த குடும்பநல மாதுவும் இடம் மாறும்போது வேறொருவராகிவிடுகிறார். ஆகவே புதிய இடத்தில் உடனே பதியுங்கள். பிறந்ததும் அழுததா, வலிப்பு வந்ததா, கழுத்து எப்போது நின்றது என்பவற்றை உம்மா நினைவிலிருந்து சொல்லி எழுதுவிக்கலாம். கண்ணையும் காதையும் பரிசோதிக்கக் கேளுங்கள். பேசாத பிள்ளையைப் புத்தி குறைந்ததென்று ஒதுக்கிவிட்டு, காதுதான் கேளாதது என்பதைப் பிந்தி அறிந்த வீடுகள் உண்டு.

அடுத்து, வீட்டுத் திட்டம். 1969இல் அமெரிக்காவின் போட்டேஜ் என்ற சிற்றூரில், தூரத் தூர இருந்த கிராமத்து வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஆசிரியர் சென்று பெற்றோரைப் பழக்கினர். 1989இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பயிற்சி நூலும் வீட்டார் ஒருவரையே பயிற்றுநராக்குகிறது. அதை எழுதியோரில் ஒருவர் நம் நாட்டுப் பத்மணி மெண்டிஸ்.

இரண்டு வயதாகியும் உட்காராத, கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும் பிள்ளை ஒன்றை எடுப்போம். "நடக்க வைப்போம்" என்பது திட்டமல்ல. "இந்தக் கிழமை பகல் சோறு தின்னும் நேரம் சுவர் மூலையில் சாய்ந்து, பன்பாயில் உட்காரும்" என்பதே திட்டம். உம்மா களை பிடுங்கப் போனால் உம்மம்மாவோ ராத்தாவோ இருத்தட்டும். தூக்கும்போது கால்களை அகட்டி இடுப்பில் வைத்தால் விறைப்புச் சற்றுத் தளரும். முதலில் வைத்தியசாலையின் உடற்பயிற்சியாளரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். வாப்பாமாரும் ஒதுங்க வேண்டாம். வயல் வாடி கட்டிய கைக்கு, மூலைப் பலகை ஒன்று அடிப்பது பெரிய வேலையா?

கிழமை முடிவில் இயலவில்லையென்றால் பிழை பிள்ளையில் அல்ல, படி உயரம். அதைப் பாதியாக்குங்கள். அறுவடைக் காலத்தில் மற்றவற்றை விட்டாலும், சோற்று வேளை உட்கார்த்தலை மட்டும் விடாது செய்து, கலண்டரில் நாளுக்கொரு கோடிட்டு, அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.