டிஸ்க்கைப் போட்டால் போதுமா?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த கச்சேரி சிடி, சினிமாப் பாட்டு சிடி, அக்காவின் கல்யாண விசிடி, அரங்கேற்ற டிவிடி, பட டிவிடி என்று பீரோ நிறைய இருக்கிறது சார். பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு ஜெல்லிஃபின் மீடியா சர்வர் ஓட்டுகிறேன். டிஸ்க்கைப் போட்டால் தானே நகலெடுத்து வெளியே தள்ளட்டும் என்று ‘ஆட்டோமேட்டிக் ரிப்பிங் மெஷின்’ நிறுவினேன். டிவிடி ஓரளவு வருகிறது. ஆடியோ சிடியில் பாதிக்குப் பெயரே வருவதில்லை. விசிடி நடுவிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் கல்யாண விசிடியை எடுத்து வெளியே வையுங்கள். ஸ்டூடியோக்காரர் எழுதிக்கொடுத்த சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலிலும் புழுக்கத்திலும் அது கெடும். கடையில் வாங்கிய சினிமா விசிடி போனால் போகட்டும், வேறு எங்காவது கிடைக்கும். இது கிடைக்காது.

அது ஏன் நின்றுபோகிறது? டிரைவில் டிஸ்க் விழுந்ததும் லினக்ஸின் யூடெவ் உங்கள் மென்பொருளைத் தட்டி எழுப்பும். ஆடியோ என்றால் ஏபிசிடிஈ, டிவிடி என்றால் மேக்எம்கேவி என்று அது வேலையைப் பிரித்துக் கொடுக்கும். இரண்டிலும் சேராததை டேட்டா டிஸ்க் என்று நினைத்து முழுசாக நகலெடுக்கப் பார்க்கும். விசிடி மாட்டிக்கொள்வது இங்கேதான். டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2,048 பைட் தகவல், மிச்ச இடத்தில் பிழை திருத்தும் குறிப்புகள். விசிடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் அடைக்க வேண்டியிருந்ததால், அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதியைத் தியாகம் செய்து, செக்டருக்கு 2,324 பைட் வைத்தார்கள். 2,048 கணக்கில் படிக்கிற நிரல் அங்கே திணறும். விசிடிஇமேஜர் தொகுப்பில் விசிடிஎக்ஸ்ரிப் என்றொரு கருவி உண்டு. அதைக் கையால் ஓட்டி, வருகிற எம்பெக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 352-க்கு 288 படத்தை மறுபடி சுருக்கினால் முகங்கூடத் தெரியாது.

ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாட்டின் பெயர் எழுதப்பட்டிருப்பதே இல்லை. ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணைதான் இருக்கும். அந்த எண்களிலிருந்து ஓர் அடையாளம் கணக்கிட்டு, மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் தேடுகிறது மென்பொருள். யாரோ ஒரு ரசிகர் முன்பே பதிந்திருந்தால் பெயர் வரும், இல்லையென்றால் ‘அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’தான். தமிழ் சிடிக்களில் இந்தத் தொல்லை அதிகம். இரண்டு மூன்று படப் பாட்டுகளை ஒரே சிடியில் போட்டிருப்பார்கள். பதிந்தவர் ஒருவர் பாடகர் பெயரைப் போட்டிருப்பார், இன்னொருவர் இசையமைப்பாளர் பெயரை. ஆங்கில எழுத்தில் இளையராஜா பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள். உங்கள் ஜெல்லிஃபினில் அவர் மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பார்.

ஆகவே படிப்பதை மட்டும் இயந்திரத்திடம் விடுங்கள், பெயரை நீங்கள் வையுங்கள். ஒவ்வொரு சிடியும் தனி ஃபோல்டரில் விழட்டும். போடும்போதே பின்னட்டையைக் கைபேசியில் படமெடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பிக்கார்ட் மென்பொருளில் பெயர்களை நிரப்பலாம். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர். தமிழிலா ஆங்கில எழுத்திலா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நிரப்பியதை மியூசிக்பிரெய்ன்ஸிலும் பதிந்தால் அதே சிடி வைத்திருக்கும் அடுத்தவருக்குப் புண்ணியம்.

கோப்பு வகை ஃப்ளாக்தான், எம்.பி.3 வேண்டாம். கச்சேரி சிடியில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருந்தாலும் தம்பூரா நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எம்.பி.3 ஆக்கினால் டிராக் மாறும் இடத்தில் பல பிளேயர்களில் ஒரு வெட்டு விழும், அது காதில் உறுத்தும். ஃப்ளாக்கில் ஒரு சிடிக்கு ஏறத்தாழ 300, 400 எம்பி ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பொருட்டே இல்லை. நூறு பாட்டு அடைத்த ‘எம்.பி.3 சிடி’ உங்களிடம் இருந்தால் அதை ரிப் செய்ய வேண்டியதில்லை, சாதாரணமாக காப்பி செய்தால் போதும். கீறல் விழுந்த கச்சேரி சிடி என்றால் இரண்டு முறை ரிப் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பெரும்பாலும் கவலையில்லை.

டிவிடியில் ஒரு விஷயம் மட்டும். குறைந்தபட்ச நீளம் என்று ஓர் அமைப்பு இருக்கும். அது 600 விநாடி என்றிருந்தால், பத்து நிமிடத்துக்குக் குறைந்த பகுதிகளை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். அரங்கேற்ற டிவிடியில் வர்ணம் மட்டும் வந்து அலாரிப்பும் தில்லானாவும் காணாமல் போனால் காரணம் இதுதான். பட டிவிடிக்கு அந்த அமைப்பு சௌகரியம், வீட்டு டிவிடிக்கு அதைக் குறைத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் சுருக்கும் படியையும் அணைத்துவிடலாம். பழைய டெஸ்க்டாப் அதற்கே மணிக்கணக்கில் முக்கும்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கு இடம் தருகிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு நகல் தடுப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நகலை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், அசல் டிஸ்க்கைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.