கட்டளைவரிவழி மென்பொருட்கருவிகளை நிறுவுதல்: தமிழ்ப் பாட ஆய்வு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நூற்பக்கங்களின் படிமங்களை எழுத்துகளாக மாற்றவும், சொல்லையும் எழுத்தையும் எண்ணவும் தமிழாய்வாளர் கணினிக் கருவிகளை நாடுகின்றனர். அக்கருவிகள் நிறுவப்படும் முறை ஆய்வு முடிவின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையது என்பதை, டெபியன் இயங்குதளத்தில் டெசராக்ட் எழுத்துணரியையும் பைத்தான் நிரல்தொகுப்புகளையும் நிறுவும் முறைவழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டளைவரி, பொதி மேலாளர், எழுத்துணரி, மெய்நிகர் சூழல், ஒருங்குறி.

முன்னுரை

கட்டளைவரி என்பது சுட்டியால் அழுத்துவதற்கு மாறாகக் கட்டளையைச் சொல்லாகத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் முறையாகும். பழகாதார்க்கு இது கடினமாகத் தோன்றினும், ஆய்வாளர்க்கு ஒரு பெரும்பயன் உண்டு. இட்ட கட்டளைகளை அவ்வாறே எழுதிவைக்கலாம். பிறிதோர் ஆய்வாளர் அவற்றை மீண்டும் இட்டுச் சரிபார்க்கலாம்.

பொதி மேலாளரின் பணி

ஒரு மென்பொருள் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. வேறு பல மென்பொருட்களைச் சார்ந்தே இயங்குகிறது. இச்சார்புகளைத் தேடி ஒழுங்குபடுத்துவது பொதி மேலாளரின் பணி. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் 'டிபிகேஜி' என்னும் கருவி தனிப்பொதியை நிறுவுகிறது. அதன்மேல் அமைந்த 'ஆப்ட்' சார்புகளையும் கணித்து உடன் நிறுவுகிறது. 'ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளை எதையும் நிறுவாது. களஞ்சியத்தின் பொதிப்பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்பதே பொதியை நிறுவும். களஞ்சியப் பட்டியலின் மின்கையொப்பம் சரிபார்க்கப்படுவதால், இணையத்தில் கண்ட நிரலை ஆராயாமல் நிருவாகி உரிமையுடன் இயக்குவதைவிட இவ்வழி பாதுகாப்பானது.

எழுத்துணரியும் மொழித்தரவும்

டெசராக்ட், எச்.பி. நிறுவனத்தில் 1985இல் தொடங்கி உருவாக்கப்பட்டு, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய பொறியைக் கொண்டுவந்தது. டெபியனில் எழுத்துணரிப் பொறி ஒரு பொதியாகவும் தமிழ்த்தரவு மற்றொரு பொதியாகவும் உள்ளன. பொறியை மட்டும் நிறுவினால் ஆங்கிலத்தரவே உடன்வரும். தமிழ்த்தரவை நிறுவிய பின்னரும், கட்டளையில் மொழிக்குறியீட்டைச் சுட்டாவிடின் தமிழ்ப்பக்கம் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகவே வெளிப்படும். இது கருவியின் குறையன்று. நிறுவலும் கட்டளையும் முழுமைபெறாமையின் விளைவு. மேலும், டெசராக்ட் திட்டம் விரைவை முதன்மையாகக் கொண்ட தரவையும் துல்லியத்தை முதன்மையாகக் கொண்ட தரவையும் தனித்தனியே வழங்குகிறது. ஒரே பக்கம் இவ்விரண்டாலும் வெவ்வேறு பாடங்களைத் தரக்கூடும்.

மெய்நிகர் சூழல்

பைத்தான் நிரல்தொகுப்புகளை நிறுவ 'பிப்' பயன்படுகிறது. டெபியனில் இயங்குதளத்தின் கருவிகள் சிலவும் பைத்தானைச் சார்ந்துள்ளன. எனவே 2023இல் வெளிவந்த டெபியன் 12, பொதுச்சூழலில் 'பிப்' வழியாக நிறுவுவதை இயல்பாக மறுத்துப் பிழைச்செய்தி காட்டுகிறது. அச்செய்தி ஒரு காப்பு. அதை வலிந்து மீறுவது இயங்குதளத்தையே சிதைக்கக்கூடும். பைத்தான் 3.3 முதல் உள்ள 'வென்வ்' என்னும் கூறுகொண்டு ஒவ்வோர் ஆய்வுக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைப்பதே தக்கது. ஓர் ஆய்வுக்கெனச் செய்யும் மாற்றம் மற்றோர் ஆய்வின் கருவிகளைத் தீண்டாது.

எண்ணிக்கை வேறுபாடு

'தமிழ்' என்னும் சொல்லைப் பைத்தானின் இயல்பான 'லென்' செயற்கூறு 5 என்று எண்ணும். தமிழிலக்கணப்படி எழுத்துகள் 3. ஒருங்குறியில் இகரக்குறியும் புள்ளியும் தனிக்குறிகளாக அமைவதே காரணம். 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு, தமிழெழுத்தை அலகாகக் கொண்டு பிரிக்க வழிசெய்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒற்றை ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம்; எகரக்குறியும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீராக்கப்படாத தேடலில் இவை வேறுவேறு சொற்களாகும். யாப்பாய்விலோ சொல்லடைவிலோ இவ்வேறுபாடு கருதப்படாவிடின் முடிவே பிழைபடும்.

பதிப்புநெறியும் கருவிப்பதிவும்

ஒப்புநோக்கிய சுவடிகளை முன்னுரையில் பட்டியலிடுவது தமிழ்ப் பதிப்பாசிரியர் போற்றிய நெறி; உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் அதற்குச் சான்று. எச்சுவடியிலிருந்து எப்பாடம் வந்தது என்று அறியாமல் பாடத்தை மதிப்பிட இயலாது. கணினிவழிப் பெற்ற பாடத்திற்கும் இது பொருந்தும். 'பிப் ஃபிரீஸ்' கட்டளை, சூழலில் உள்ள பைத்தான் தொகுப்புகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் பட்டியலாகத் தரும். 'ஆப்ட்' வழி நிறுவிய எழுத்துணரியும் மொழித்தரவும் அப்பட்டியலில் இடம்பெறா. அவற்றைத் தனியே குறித்தல் வேண்டும்.

முடிவுரை

நிறுவல் என்பது ஆய்வுக்கு முந்தைய தொழில்நுட்பச் சடங்கன்று. ஆய்வுமுறையின் ஒரு பகுதி. கருவியின் பெயர், பதிப்பெண், மொழித்தரவு, சீராக்க முறை, இட்ட கட்டளை ஆகிய ஐந்தும் ஆய்வேட்டில் இடம்பெறின், பிறர் அதே பாடத்தை மீளப்பெற்று முடிவைச் சோதிக்க இயலும். இவை இல்லாத எண்ணிக்கை, மூலம் சுட்டாத மேற்கோளுக்கு ஒப்பானதே.